பதினைந்து எழுத்தில் சொன்னது

என் நண்பர் தன் உடம்புக்கு என்ன கோளாறு என்பதை முதன்முதலில் என்னிடம்தான் சொன்னார். தன் மனைவிக்குச் சொல்வதற்குப் பத்து நாள் முன்பே சொன்னார். வாயால் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பதினைந்து எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லாக எழுதிக் கொடுத்தார். நான் எழுத்துகளை எண்ணினேன். பதினைந்து சரியாக இருந்தது. காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இது எப்படி நடக்கும் என்று யாருக்கும் தோன்றும். எங்கள் பழக்கத்தைச் சொன்னால்தான் புரியும்.

தொண்ணூறுகளில் டில்லி மயூர் விஹாரிலிருந்து மத்திய அரசு அலுவலகங்களுக்குச் சார்ட்டர்ட் பஸ்கள் ஓடின. மாதச் சந்தா கட்டினால் நமக்கென்று ஓர் இருக்கை. எங்கள் பஸ் எட்டு முப்பத்தைந்துக்குக் கிளம்பும். வழியில் ஒன்பது சிக்னல், ஒரு பாலம், ஐம்பது நிமிடம். கடைசி வரிசையில் நால்வர் முழங்கால்கள் மேல் பிரீஃப்கேஸைக் கிடத்திச் சீட்டாடுவார்கள். முன்வரிசைப் பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டே வருவார்கள். நான் இடப்பக்கம் நான்காவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரைப் போடுவேன்.

ஒரு நாள் முதல் வரியே பிடிபடவில்லை. பதினைந்து கட்டம். பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்திருந்தவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்து, “நாட்வித்ஸ்டாண்டிங்” என்றார். சரியாகப் பொருந்தியது. தினம் நூறு முறை கோப்பில் எழுதுகிற சொல், எனக்குத் தோன்றவில்லை. அன்று வந்த கோபத்தில் அவரிடம் நன்றிகூடச் சொல்லவில்லை.

அவர் பாளையங்கோட்டைக்காரர், வேறொரு அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. என்னைவிட நான்கு வயது சிறியவர். மறுநாளிலிருந்தே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் திருச்சிக்காரன், எனக்கு அந்த அழைப்பு பழகவில்லை. எட்டு வருஷமும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன்.

பத்திரிகைப் புதிர் பதினைந்துக்குப் பதினைந்து கட்டம் கொண்டது. அதனால் புதிர் அமைக்கிறவர்களுக்குப் பதினைந்தெழுத்துச் சொல்லும் சொற்றொடரும்தான் முதுகெலும்பு. அவை கிடைப்பது கடினம். அப்படிப்பட்டவற்றை இரண்டாயிரம் சேர்த்து, தட்டச்சு செய்து, நகலெடுத்து, புதிர்ப் பைத்தியங்களுக்கெல்லாம் அனுப்புவதென்று இருவரும் முடிவு செய்தோம். நீள நோட்டு ஒன்று வாங்கினேன். எங்களுக்குக் கிடைத்தவையெல்லாம் அலுவலகச் சரக்குதான். லீவ் என்கேஷ்மெண்ட், பதினைந்து. டெபுடி செக்ரட்டரி, பதினைந்து. ஜாயிண்ட் செக்ரட்டரி ஓர் எழுத்துக் குறைவு. “பதவி பெரிசாகப் பெரிசாகக் கட்டத்துக்கு லாயக்கில்லாம போயிருதாக அண்ணாச்சி” என்பார்.

வேலை நடந்த முறையும் அலுவலக முறைதான். கண்டுபிடித்தவர் துண்டுக் காகிதத்தில் எழுதி முன்வைக்க வேண்டும். மற்றவர் எழுத்தடியில் பென்சிலை வைத்து எண்ணி, மூலையில் எண்ணிக்கையை வட்டமிட்டு, ஏற்றால் நோட்டில் பதிய வேண்டும். அர்த்தம் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. வீட்டுக்குப் போய் அகராதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தம் ஏழு விதிகள். நோட்டின் முதல் பக்கத்தில் நான்தான் எழுதினேன். ஆறாவது விதி, வைத்தியச் சொற்களும் ரசாயனப் பெயர்களும் சேர்க்கப்படா என்பது. ஆரம்பத்தில் அவர் தன் மைத்துனரின் வைத்தியப் புத்தகம் ஒன்றைப் புரட்டி ஒரே நாளில் இருபத்தாறு சொற்கள் கொண்டுவந்தார். உழைப்பில்லாமல் வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்தாறையும் அடித்துவிட்டு அந்த விதியைச் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எட்டாவது வருஷம், குளிர் விடுகிற சமயம். அவர் ஷூ போடாமல் செருப்போடு வரத் தொடங்கியிருந்தார். பதின்மூன்று நாள் செருப்பு என்று எனக்குக் கணக்கு இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. டிபன் டப்பாவைத் திறக்காமலேயே திரும்பக் கொண்டுபோகிறார் என்பதும் தெரியும். அதையும் கேட்கவில்லை. இரண்டு வாரமாக ஒரு துண்டுக் காகிதமும் தரவில்லை என்பதுதான் என் குறை.

பஸ் பாலத்தில் நின்றுவிட்ட ஒரு திங்கட்கிழமை, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பெரிய எழுத்தில் தெளிவாக எழுதியிருந்தார். நெஃப்ரோஸ்கிளெரோசிஸ். நான் பென்சிலை எடுத்து எண்ணினேன். எண்ணி முடித்ததும் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாதிரி முடிகிற சொல் எங்கள் நோட்டில் ஒன்றுகூட இல்லை. மூலையில் பதினைந்து என்று போட்டு வட்டமிட்டேன். அதற்குப் பிறகுதான் சந்தேகம் வந்தது.

“இது வைத்தியச் சொல்லா சார்?”

“ஆமா அண்ணாச்சி.”

“விதி ஆறு.”

“தெரியும். இது ஒண்ணுக்கு மட்டும் விலக்கு கெடையாதா?”

“ஒண்ணுக்கு விட்டா எல்லாத்துக்கும் விடணும். நாளைக்கு நானும் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வருவேன்.”

“இது பொஸ்தகத்துல எடுத்தது இல்ல.”

எங்கே எடுத்தால் என்ன, வைத்தியச் சொல் வைத்தியச் சொல்தான் என்றேன். வேடிக்கையாக இருக்கட்டும் என்று, வட்டத்துக்குக் கீழே, கோப்புகளில் எழுதுவது போலவே, ‘சீன் அண்ட் ரிட்டர்ண்ட்’, அதாவது பார்த்துத் திருப்பப்பட்டது, என்று ஆங்கிலத்தில் எழுதிச் சுருக்கொப்பமும் இட்டேன். அந்தத் தொடரும் பதினைந்து எழுத்துதான். பல வருஷங்களுக்கு முன்பே நோட்டில் ஏறியது. அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்தார் என்றுதான் அன்று நினைத்தேன். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் நகர்ந்தது. மூன்று சிக்னல் தாண்டிய பிறகு, வியாழக்கிழமை எனக்கு ஒரு நாள் லீவு கிடைக்குமா என்று கேட்டார். நாடாளுமன்றம் நடக்கிற நேரம், கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கிற பிரிவில் இருக்கிற எனக்கு லீவா என்றேன். எதற்கு என்றும் கேட்டேன், அது உண்மை. “சும்மாதான்” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லை அகராதியில் பார்க்கவில்லை. ஏற்காத சொல்லுக்கு அகராதி எதற்கு?

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவர் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும். ஆறு வாரத்தில் பதினொரு நாள். பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும், ஒரு வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. ஒரு சொல்லைத் தள்ளியதற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கும் வீம்பு ஏறியது. அவர் வருகிற நாட்களில் பேச்சைக் குறைத்தேன். வராத நாட்களில் அவர் இருக்கையில் என் பையை வைத்தேன். பிறகு ஒரு நாள், பின்னால் நின்றிருந்த ஒருவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். இன்னொரு நாள் நண்பருடைய இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்தேன். ரத்தம் எடுத்தார்கள் என்றார். சரி என்றேன். அன்று நாங்கள் பேசியது, அக்னாலெட்ஜ்மெண்ட் என்பதில் நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் பதினைந்து, விட்டால் பதினாலு, எதை ஏற்பது என்பதைப் பற்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் பக்கத்தில் காய்கறி வண்டியருகே அவர் மனைவியைப் பார்த்தேன். நாலைந்து முறைதான் பார்த்துப் பேசியிருக்கிறேன். அவர் கையில் வெறும் சுரைக்காயும் முட்டைக்கோசும். தக்காளி வேண்டாமா என்று வண்டிக்காரன் கேட்க, இந்தியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அவுக உங்களத்தான் ரொம்பத் தேடுதாக அண்ணாச்சி. ஒரு தடவகூட வரலியேன்னு நான்தான் கேட்டேன். அண்ணாச்சிக்கு ஆபீசுல வேலைன்னு சொல்லிட்டாக.”

“எங்கே வரணும்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன் என்று நினைத்தார் போலும்.

“டயாலிசிஸுக்கு. செவ்வா, வெள்ளி. கிட்னி ரெண்டும் போச்சுல்லா. உங்ககிட்டதான் மொதல்ல சொன்னாகளாமே. எனக்கே பத்து நாள் கழிச்சுத்தான் தெரியும்.”

என்னிடம் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

“பஸ்ஸுல எழுதிக் காட்டுனேன், அண்ணாச்சி எண்ணிப் பாத்தாருன்னாக. வேற ஒண்ணும் சொல்லல.”

வண்டிக்காரன் என்ன வேண்டும் என்று இரண்டு முறை கேட்டான். நான் எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அகராதியை எடுத்தேன். சின்ன அகராதியில் அந்தச் சொல் இல்லை. பெரியது அலுவலகத்தில் இருந்தது. திங்கட்கிழமை வரை காத்திருந்து பார்த்தேன். ரத்த அழுத்தத்தால் சிறுநீரகம் இறுகிப்போவது என்று ஒன்றரை வரியில் இருந்தது. அந்த ஒன்றரை வரியை நான் முதல் நாளே படித்திருந்தால், வியாழக்கிழமை லீவு எதற்கு என்பதும் விளங்கியிருக்கும். அன்றுதான் பெரிய டாக்டர் அவரை வரச் சொல்லியிருந்தார். தனியாகப் போயிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய கூடம், ஆறு படுக்கைகள், ஆறு இயந்திரங்கள். அவர் மூன்றாவது படுக்கையில் இருந்தார். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் போயின. என்னைப் பார்த்ததும் வலது கையால் ஸ்டூலைக் காட்டினார். எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றேன். ஆறாவது விதியை நோட்டிலிருந்து எடுத்துவிட்டதாகவும், அந்தச் சொல்லை அன்றே பதிந்துவிடுவதாகவும் சொன்னேன்.

“எடுக்காதிய அண்ணாச்சி. நல்ல விதி அது. எனக்கும் இந்தச் சொல்லு அந்த நோட்டுல வேண்டாம்.”

“பின்னே எதுக்கு சார் எழுதிக் கொடுத்தீங்க?”

அவர் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். “வேற எப்படிச் சொல்லதுன்னு தெரியல.”

எட்டு வருஷம், வாரத்துக்கு ஐந்து நாள், போக ஐம்பது நிமிடம், வர ஒரு மணி நேரம். மூவாயிரத்துக்கு மேல் பயணம். அவருக்கு ஒரே மகள், கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள் என்பதையே அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். எங்களிடம் இருந்த பாஷை அந்தத் துண்டுக் காகிதம் ஒன்றுதான். அதில் அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அவரோடு முப்பத்து நான்கு முறை போனேன். ஈட்டிய விடுப்பை ஒவ்வொரு நாளாக எடுத்தேன். ஓய்வின்போது காசாக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்த விடுப்பு அது. எனக்கு அதில் தியாகம் ஒன்றும் இல்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாததால் செய்தேன். காலை ஏழரைக்கு அவர் வீட்டு வாசலில் ஆட்டோவோடு நிற்பேன். அவர் மனைவி தண்ணீரை அளந்து கொடுத்தனுப்புவார், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோ குலுங்கும் இடமெல்லாம் ஓட்டுநரிடம் “பையா, ஆஹிஸ்தா” என்று நான் சொல்லிக்கொண்டே வருவதைக் கேட்டு அவர், “அண்ணாச்சி, இந்த ஆட்டோ இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னாலதான் போவும்” என்பார்.

இரண்டாம் முறை போனபோது நோட்டை எடுத்துப் போனேன். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு சேர்ந்திருந்தது. நான்கு மணி நேரம் சும்மா கிடக்கிறாரே, பொழுது போகும் என்று. அவர் வேண்டாம் என்றார்.

“அத வச்சுட்டுச் சும்மா பேசுங்க.”

சும்மா பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் அதற்குமுன் கேட்டதாக நினைவில்லை. பஸ்ஸில் ஏறியதும் ‘நேற்றைய பன்னிரண்டு குறுக்கு என்ன?’ என்றுதான் கேட்டிருக்கிறேன். ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொள்வதாகச் சொன்னார். சின்ன வயசிலிருந்தே ஊசிக்குப் பயமாம். இயந்திரம் ஓடும்போது கால் விறைக்கிறது என்றார். நான் காலைப் பிடித்துவிட்டேன். இன்னொரு ஆணின் காலைப் பிடித்தது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் பேச்சுக்காரராகிவிட்டார். அல்லது முன்பிருந்தே பேச்சுக்காரர்தானோ என்னவோ.

முப்பத்து நான்காவது முறை அது. வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை. தான் டில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வயது இருபத்தொன்று. முனிர்காவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறை. இரண்டு ஜன்னல், ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை, அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கையில் இரண்டு வேட்டியும் ஒரு போர்வையும்தான். டிசம்பர் வந்தபோது, இருக்கிற துணி எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு, செய்தித்தாளைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு படுத்திருக்கிறார். வீட்டுக்கார அம்மாள் ஹரியானா பக்கத்து ஆள், பேசுகிற இந்தி இவருக்குப் பிடிபடவே இல்லை. ஒரு நாள் மாலை அவள் படியேறி வந்தாள். பஞ்சு அடைத்த கனமான ரஜாய்ப் போர்வை ஒன்றைக் கட்டிலில் போட்டாள். ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போய்விட்டாள்.

“அன்னைக்கித்தான் டில்லியில மொத மொத தூங்குனேன் அண்ணாச்சி. அந்த ரஜாயில கடுகெண்ணெ வாசம் அடிக்கும். ஒம்பது நாளு. பத்தாம் நாளு மேல வந்தா, மடிச்சா, எடுத்துட்டுப் போய்ட்டா. அப்பவும் பேச்சில்ல.”

“ஒன்பது நாள்தானா? எந்தத் தேதியில...”

“எண்ணாதிய. கேளுங்க.”

கேட்டேன். தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் படியிறங்கியதாகச் சொன்னார். வாடகை பாக்கி இல்லை. வாசலில் எச்சில் துப்பவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் மறுபடி மேலே வந்தாளாம். கையில் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று இவரைக் கீழே வரும்படி சைகை காட்டினாளாம்.

“எதுக்குன்னு நெனைக்கிய?” என்றார்.

அப்போது நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தாள். ஊசியை உருவும்போது அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆட்டோவில் வரும்போது களைத்துப்போய்த் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். நான் கதையைக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்யவில்லை. இறங்கும்போது அவரே, “மிச்சத்த வெள்ளிக்கிழம சொல்லுதேன்” என்றார்.

வியாழக்கிழமை குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கண் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை முடிந்துவிட்டது. மகள் வந்து சேர ஞாயிறு மாலையாயிற்று. யமுனைக் கரைச் சுடுகாட்டுக்கு எங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள் இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். சீட்டாட்டக்காரர்கள் நால்வரும் வந்தார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையை யாரும் கேட்கவில்லை.

புதிர் போடுவதை நிறுத்திவிட்டேன். நோட்டு இரண்டாயிரத்தை எட்டவில்லை. கணக்குப் பிரிவில் ஆர்வமுள்ள ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். விதிகள் எழுதிய முதல் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டேன், பிறகு அதையும் எங்கோ தவறவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, மகளும் ஊர் திரும்பிய பிறகு, ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அந்த ரஜாய்க் கதையின் முடிவு அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர். அந்த வீட்டுக்கார அம்மாள் ஏன் ரஜாயைத் திரும்ப எடுத்துக்கொண்டாள் என்று கேட்டேன்.

“ரஜாயா? எந்த ரஜாயி?”

“முனிர்காவில இருந்தப்போ. கல்யாணத்துக்கு முன்னாடி.”

“முனிர்காவுலயா இருந்தாக?” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்ததும், கேட்டது தவறோ என்று எனக்குத் தோன்றியது. எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் எதிரில் இருந்த பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லுங்க அண்ணாச்சி. எங்கிட்ட அவுக அந்தக் காலத்தப் பத்திப் பேசுனதே இல்ல.”

சொன்னேன். மொட்டைமாடி, அட்டை வைத்த ஜன்னல், பனியனுக்குள் செய்தித்தாள், கடுகெண்ணெய் வாசம், மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் நின்ற அந்த அம்மாளின் சைகை. அவர் குறுக்கிடவில்லை. அங்கே வந்ததும் நான் நிறுத்தினேன்.

“அப்புறம்?”

“அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதும்மா. வெள்ளிக்கிழமை சொல்றேன்னார்.”

டீ ஆறி ஆடை படிந்தது. அந்த வயசில் தன் கணவர் மெலிந்துதான் இருந்திருப்பாரா என்று கேட்டார். அது தெரியாது என்றேன். மீசை வைத்திருந்தாராமா என்றார். அதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவர் சொன்ன அளவுதான், அதற்குமேல் ஒரு சொல் இல்லை என்றேன்.

“பரவால்ல” என்றார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோடாவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். “மொதல்ல இருந்து இன்னொரு தடவ சொல்லுங்க.”

நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.